ஆற்றங்கரை வாசல்

விருத்தாசலத்துக்குப் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். சுரங்கத்தில் சர்வேயராக இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் வராது. முதலில் தரை மட்டம் என்ன என்று பார்ப்போம். அப்புறம் தரைக்கு மேலே ஓர் ஆள் உயரம். மேலே இருப்பதற்கு அவசரம் இல்லை, அது எங்கும் ஓடிப்போகாது என்று நினைப்போம். கோபுர விஷயத்தில் இது தலைகீழ் என்று பிறகுதான் புரிந்தது. மேலே இருக்கும் சுதையும் வண்ணமும்தான் ஓடிப்போகிறவை. ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் சாரம் கட்டி, உதிர்ந்ததை உருட்டிச் சேர்த்து, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் புதிதாக்கிவிடுவார்கள். விருத்தாசலத்தில் கடைசியாக 2022 பிப்ரவரியில் செய்தார்கள். கீழே இருக்கும் கல் மட்டும் வைத்த இடத்தில் இருக்கிறது. ஊரின் கதையைக் கேட்க வேண்டுமானால் அந்தக் கல்லிடம்தான் கேட்க வேண்டும்.

நெய்வேலியிலிருந்து மந்தாரக்குப்பம், ஊத்தங்கால் வழியாக இருபது கிலோமீட்டர் சொச்சம். டவுன்ஷிப்பில் இருக்கும் எங்களுக்கு விருத்தாசலம் என்றால் முதலில் ஜங்ஷன், அடுத்து சந்தை, மூன்றாவதாகத்தான் கோயில். எனக்கு மட்டும் அத்தை வீடு. அத்தை வாக்கப்பட்டது தென்கோட்டை வீதியில். மாமா மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதினார். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டு அவரைத் தொந்தரவு செய்வேன். "ஏன் மாமா, கோட்டை வீதின்றீங்க, கோட்டை எங்க?" அவர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கோயில் மதிலைக் கையால் காட்டுவார். "அதாண்டா கோட்டை. பாத்துக்கிட்டே இருந்துட்டு எங்கன்னு கேக்குறான் பாரு."

மாமா சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. மாட வீதி என்றோ தேரடித் தெரு என்றோ பெயர் வைத்திருக்க வேண்டிய இடத்தில் கோட்டை வீதி என்று வைத்திருக்கிறார்களே, அது சும்மா வந்த பெயர் இல்லை. கிழக்கு மேற்காக 660 அடி, தெற்கு வடக்காக 390 அடி, மதில் உயரம் 26 அடி என்று கோயில் தலவரலாறு கணக்குச் சொல்லும். நான்கு திசைக்கும் ஒவ்வொரு கோபுரம். நான்கும் ஏழு நிலை. ஐந்தாவதாக உள்ளே ஒன்றைக் கண்டராதித்தன் கோபுரம் என்பார்கள். இந்தக் கோயிலில் எல்லாமே ஐந்து என்பது விருத்தாசலத்துக்காரர்களின் பெருமை. கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, நந்தி ஐந்து, தேர் ஐந்து என்று விரல் மடக்குவார்கள். ஆறாவது விரலை மடக்கி, கோட்டையாகவும் இருந்தது என்று சொல்கிறவர்கள் குறைவு.

ஐரோப்பாவில் பழைய ஊர்களைச் சுற்றி மதில் எழுப்பி, ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வாசல் வைத்து, அந்தி சாய்ந்ததும் சாத்திவிடுவார்கள். அவற்றில் பலவற்றை இன்றும் நகரத்தின் அடையாளமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் அப்படி ஊர்வாசல் இல்லையே என்று சிலர் குறைப்படுவதுண்டு. இருக்கிறது. அதற்கு நாம் கோபுரம் என்று பெயர் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு நுழைந்துவிடுகிறோம். விருத்தாசலத்தில் ஆற்றைப் பார்த்த வடக்கு வாசல் அப்படிப்பட்ட ஒன்று.

ஆறு என்றால் மணிமுக்தாறு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு. விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போய்க் கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. தேவாரக் காலத்தில் ஊருக்குத் திருமுதுகுன்றம் என்று பெயர், பழமலை என்றும் சொல்வார்கள். ஆனால் ஊரில் நின்று பார்த்தால் மலையும் தெரியாது, குன்றும் தெரியாது. மற்ற மலைகளுக்கெல்லாம் முந்தித் தோன்றிய மலை, பூமிக்குள் அழுந்திக் கிடக்கிறது என்று புராணம் சமாதானம் சொல்லும். எங்கள் சுரங்க ஆட்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். ஏனென்றால் நெய்வேலியில் எத்தனை அடி தோண்டினாலும் மணல், களிமண், மணற்கல், அதற்குக் கீழே பழுப்பு நிலக்கரி, அதற்கும் கீழே பொங்கி எழக் காத்திருக்கும் ஊற்றுநீர். கெட்டிப் பாறை என்று ஒன்று கண்ணில் படாது. விருத்தாசலத்தை ஒட்டித்தான் அந்தப் படிவு நிலம் முடிகிறது. அதற்கு மேற்கே கருங்கல் பூமி தொடங்குகிறது. பூமிக்குள் மலை கிடக்கிறது என்று சொன்னவர் யாரோ, கிணறு வெட்டிய அனுபவத்தில் சொல்லியிருப்பார் என்பது என் ஊகம்.

இதில் வாசலுக்கு என்ன சம்பந்தம் என்றால், நிலைக்கால் கல்தான். ஒரு கோபுர வாசலுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தும் கல் சாதாரணக் கல் இல்லை. வாசலின் முழு உயரத்துக்கும் ஒரே துண்டாக வேண்டும். அதற்கு மேல் குறுக்கே போடும் உத்திரக் கல், தலைக்கு மேல் ஏழு நிலைச் செங்கல் கட்டுமானத்தைத் தாங்க வேண்டும். அப்படிப்பட்ட கல் கிழக்கே கடற்கரைப் பக்கம் கிடைக்காது. மேற்கே கருங்கல் பூமியிலிருந்துதான் இழுத்து வந்திருப்பார்கள். ஐம்பது டன் யந்திரத்தைச் சுரங்கத்தில் ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்கு நகர்த்த நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால், மாட்டையும் மரஉருளையையும் வைத்துக்கொண்டு அதைச் செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அவர்களுக்குக் கூலி எப்படிக் கொடுத்தார்கள் என்பதற்கும் இந்த ஊரில் ஒரு கதை இருக்கிறது. விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது, அந்தி நேரத்தில் வன்னி மரத்தடியில் உட்கார்ந்து, வேலை செய்தவர்களுக்கு வன்னி இலையை அள்ளிக் கொடுப்பாராம். யார் எவ்வளவு உண்மையாக உழைத்தார்களோ அவ்வளவுக்கு அது பொன்னாக மாறுமாம். ஏய்த்தவன் கையில் இலை இலையாகவே இருக்கும். வன்னி மரம் இன்னும் கோயிலுக்குள் இருக்கிறது. கூலி கணக்குப் போடுகிற மேஸ்திரிகள் அதைச் சுற்றி வராமல் போவதில்லை என்று மாமா சொல்வார். தொழிற்சங்கத்தில் இருந்த என் நண்பர் ஒருவர் இந்தக் கதையை அடியோடு வெறுப்பார். கூலியைக் குறைப்பதற்கு முதலாளி கண்டுபிடித்த முதல் கதை இதுதான் என்பது அவர் கட்சி.

பொன் கதை இன்னொன்றும் உண்டு, அது ஆற்றோடு சேர்ந்தது. சுந்தரர் இங்கே பாடி இறைவனிடம் 12,000 பொன் பெற்றாராம். வழியில் கள்ளர் பயம் என்று அதை மணிமுக்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டாராம். பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு வழிப்போக்கன் கண்ணால் பார்த்தால், இந்தக் கதையில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. ஊர் மதிலுக்குள் இருக்கும்வரை பொன்னுக்குப் பயமில்லை. வாசலைத் தாண்டிய பிறகுதான் பயம். வாசல் என்ற ஒன்று எதற்காக என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

கல்லிலே கட்டிய கோயில் செம்பியன் மாதேவியின் கை. கண்டராதித்த சோழனின் மனைவி, உத்தம சோழனின் தாய். கணவர் போன பிறகு நீண்ட காலம் இருந்து, காவிரிக்கரையிலும் அதற்கு வெளியிலும் செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக்கிக்கொண்டே போன அம்மாள். மகன் ஆட்சியில், பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முதுகுன்றமும் அந்த வரிசையில் சேர்ந்தது. ஆனால் அவர் கட்டியது சாமிக்கு வீடு. ஊருக்குக் கதவு தேவைப்பட்டது அதற்குப் பிறகு, இந்தப் பக்கத்தில் காடவர்கள் தலையெடுத்த காலத்தில் என்று நினைக்கிறேன்.

காடவர்கள் பல்லவர் வழி வந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். சோழர்களுக்குக் கீழே இந்த நடுநாட்டில் காவல் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் ஊரைக் காப்பதற்குப் பாடிகாவல் என்று ஒரு வரி இருந்தது. அதை வசூலிக்கும் உரிமை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த வட்டாரத்தின் உண்மையான அதிகாரி. காவல்காரன் நாளடைவில் சொந்தக்காரன் ஆனான். 1186-ஆம் ஆண்டைச் சேர்ந்த, அதாவது சக வருஷம் 1108, ஒரு கல்வெட்டு இந்த விருத்தாசலத்துக் கோயிலில் இருக்கிறது. காடவர் வம்சத்தின் பரம்பரையை, யாருக்குப் பின் யார், யாருக்கு என்ன பட்டம் என்று வரிசையாகச் சொல்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் காடவர் வம்சாவளியைக் கட்டுவதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டவற்றில் அது ஒன்று. சோழச் சக்கரவர்த்தி உயிரோடு இருக்கும்போதே, அவருடைய குறுநில அதிகாரி தன் தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயரையெல்லாம் கோயில் கல்லில் வெட்டுகிறான் என்றால், அதற்கு என்ன பொருள் என்று கங்கைகொண்ட சோழபுரத்தில் யாருக்காவது புரிந்திருக்க வேண்டும். புரிந்ததாகத் தெரியவில்லை.

நாற்பத்தைந்து வருஷம் கழித்து அந்த வம்சத்துக் கோப்பெருஞ்சிங்கன், மூன்றாம் ராஜராஜ சோழனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். 1231. சேந்தமங்கலம் இங்கிருந்து வடக்கே, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம், கெடில ஆற்றங்கரையில். சோழனை மீட்க ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன் அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்று இரண்டு தளபதிகளை அனுப்பினான். அவர்கள் போன வழியில் ஊர்களை எரித்தார்கள், மரங்களை வெட்டினார்கள். என்னென்ன அழித்தார்கள் என்று அவர்களே பெருமையோடு சொல்லும் பட்டியல் கடலூருக்குப் பக்கத்தில் திருவேந்திபுரம் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அதைப் படித்தால், அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் குடியிருந்த ஒருவன் எதற்காக 26 அடி மதிலுக்குப் பக்கத்தில் வீடு கட்ட ஆசைப்பட்டிருப்பான் என்பது விளங்கும். கோப்பெருஞ்சிங்கன் அதற்குப் பிறகும் விழுந்துவிடவில்லை. சிதம்பரத்துத் தெற்குக் கோபுரத்துக்குச் சொக்கச்சீயன் என்று தன் பெயரை வைத்தான். காவல்காரர் பரம்பரைக்கு வாசல் கட்டுவதில் ஒரு தனிப் பிரியம் இருந்திருக்க வேண்டும்.

வாசல் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பார்க்காமல்தான் எல்லோரும் கடந்துபோகிறார்கள். பெரிய கோபுர வாசல் எதிலும் கதவு கீலில் தொங்குவதில்லை. அவ்வளவு கனத்தை ஆணியும் கீலும் தாங்காது. கதவுப் பலகையின் ஓரத்து மரத்திலேயே மேலும் கீழும் குடுமி விட்டுச் செதுக்குவார்கள். கீழ்க் குடுமி தரைக் கல்லில் குடைந்த குழியில் உட்காரும். மேல் குடுமி உத்திரத்துக்குக் கீழே உள்ள துளையில் நிற்கும். குழியில் எண்ணெய் விட்டால் இரண்டு ஆள் தள்ளினால் போதும், கதவு சுழலும். உள்பக்கம் இரு சுவரிலும் எதிரெதிரே ஓட்டை இருக்கும், அதில் கணைய மரம் குறுக்கே நுழையும். அதைப் போட்டுவிட்டால் யானை முட்டினாலும் கதவு வெளியே இருந்து திறக்காது. இரவில் பெரிய கதவைத் திறக்க முடியாது என்பதற்காக அதன் நடுவில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குத் திட்டிவாசல். குனிந்து வருகிறவன் கையில் கத்தி இருந்தாலும் ஓங்க முடியாது. இது பணிவுக்காக வைத்தது என்று இன்று அர்த்தம் சொல்கிறார்கள். கழுத்தை நீட்டிக்கொண்டு வர வேண்டும் என்பதற்காக வைத்தது என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்படிப்பட்ட வாசலின் உட்பக்கச் சுவரில் நாட்டியக் கரணங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அதுதான் இந்த ஊரின் அழகு. பரதர் சொன்ன கரணங்களைச் சிற்பமாக வைத்த தமிழ்நாட்டுக் கோயில்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. தஞ்சைப் பெரிய கோயில், கும்பகோணம் சார்ங்கபாணி, சிதம்பரம், திருவண்ணாமலை, விருத்தாசலம். காவல்காரன் வேலோடு நிற்கும் இடத்தில், அவன் தோளுக்குப் பக்கத்தில், ஒருத்தி காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருக்கிறாள். இதை வைத்தவர்களுக்கு வாசல் என்பது பயப்படுத்தும் இடம் மட்டும் இல்லை என்று தெரிந்திருக்கிறது.

இனி 1751. அந்த வருஷம் இந்த வாசல் உலக வரலாற்றின் ஓரத்தில் வந்து நின்றது. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குச் சந்தா சாகிப் ஒரு பக்கம், முகமது அலி ஒரு பக்கம். முன்னவருக்குப் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் துணை, பின்னவருக்கு ஆங்கிலக் கம்பெனி துணை. முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் ஒடுங்கிவிட்டார். கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து திருச்சிக்கு ஆளும் மருந்தும் போக வேண்டும். போகிற பாதை விருத்தாசலம், வாலிகண்டபுரம், ஊட்டத்தூர். ஆக, விருத்தாசலம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் திருச்சிப் பாதை. அந்தக் காலத்துச் சண்டைகளை விரிவாக எழுதிவைத்த ராபர்ட் ஓர்ம் இந்த ஊரை ‘வெர்டாசெலம்’ என்று குறிப்பிடுகிறார். அவர் கண்ணுக்கு இது வலுவான பகோடா, அதாவது கோட்டையாகப் பயன்படும் கோயில்.

கேப்டன் ஜிஞ்ஜன்ஸ் தலைமையில் கம்பெனிப் படை முதலில் வந்தபோது, உள்ளே இருந்தது சந்தா சாகிப்பின் ஆட்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். கம்பெனிப் படை கதவோடு மல்லுக்கு நிற்கவில்லை. மதிலில் ஏணி சாய்க்க ஏற்பாடு செய்தது. அதைப் பார்த்ததும் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். நூற்றாண்டுக்கணக்காகக் கணைய மரம் போட்டுக் காத்த வாசல், ஏணி முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. கதவு எவ்வளவு கனம் என்பது சண்டையில் கணக்கே இல்லை, மதில்மேல் நிற்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

சில வாரம் கழித்து, ஜூலையில், அதே வாசல் மறுபடியும் முற்றுகைக்குள். இந்த முறை உள்ளே கம்பெனியின் சிறு காவல்படை, வெளியே பக்கத்துப் பாளையக்காரரின் ஆட்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து 80 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், திருச்சிக்கான தளவாட வண்டிகளோடு ஒரு கூட்டம் வந்து முற்றுகையை விரட்டியது. கூட்டத்தை அழைத்து வந்தவர் கவுன்சில் உறுப்பினர் பிகட். கூட வந்தவர் இருபத்தாறு வயதுகூட நிரம்பாத ராபர்ட் கிளைவ். தளவாடங்களைத் திருச்சிக்கு அனுப்பிவிட்டு இருவரும் பன்னிரண்டு சிப்பாய்களோடு திரும்பினார்கள். வழியில் பாளையக்காரரின் ஆட்கள் வளைத்துக்கொண்டார்கள். சிப்பாய்களில் பாதிக்குமேல் மாண்டார்கள், மருந்து தீர்ந்தது, மிச்சப் பேரைச் சிதறி ஓடச் சொல்லிவிட்டு பிகட்டும் கிளைவும் குதிரை வேகத்தால் தப்பினார்கள்.

அந்தத் துரத்தல் நடந்தது விருத்தாசலத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில். அந்த நடுவில்தான் நெய்வேலி இருக்கிறது. சரியாக எந்த இடம் என்று சுட்ட முடியாது. ஆனால் சுரங்க மேட்டில் லெவல் வைத்துப் பார்க்கும்போதெல்லாம், இந்த முந்திரிக் காட்டு வழியாகத்தான் கிளைவ் ஓடியிருப்பான் என்று எனக்குத் தோன்றும். குதிரை கொஞ்சம் இடறியிருந்தால் அதே வருஷம் ஆற்காடு முற்றுகை இல்லை, ஆறு வருஷம் கழித்துப் பிளாசி இல்லை. வேறு ஒருவன் வந்திருப்பான், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் அந்தச் சிப்பாய்களின் பெயரை ஓர்ம் எழுதவில்லை என்பது எனக்கு உறுத்தும். பிகட் பின்னாளில் சென்னை கவர்னர் ஆகி, இரண்டாம் முறை கவர்னராக வந்தபோது 1776-ல் சொந்தக் கவுன்சில்காரர்களாலேயே சிறைபிடிக்கப்பட்டு, அடுத்த வருஷம் காவலிலேயே இறந்துபோனார்.

விருத்தாசலத்துக்கு மட்டும் நேர்ந்த விதி இல்லை இது. 1750-ல் திருவதிகைக் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 1752-ல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் ஸ்ரீரங்கத்து மதில்களுக்குள் புகுந்துகொண்டு, ஜூனில் அங்கேயே சரணடைந்தார்கள். 1781 ஜூனில் சர் அயர் கூட் சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்று, பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கினார். உள்ளே இருந்தது ஹைதர் அலியின் காவல்படை. ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டையில் ஹைதரைச் சந்தித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். சாமி ஆடும் சிதம்பரத்தில் பீரங்கி நின்றதைக் கேட்டு இன்று நாம் அதிர்ச்சி அடைகிறோம். அன்று யாரும் அதிர்ந்ததாகத் தெரியவில்லை. தென்னாற்காட்டின் கிழக்குச் சமவெளியில் குன்றும் இல்லை, கல்லும் இல்லை. உயரமான மதிலும் உள்ளே கிணறும் குளமும் நெல் சேர்க்க மண்டபமும் கோயிலில்தான் இருந்தன. திருடன், தளபதி, ராஜா எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள்.

1801-ல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி கைக்குப் போனதும் வாசலுக்கு வேலை போயிற்று. சண்டை இல்லை, பாளையக்காரர் இல்லை, பாடிகாவலும் இல்லை. 1920களின் இறுதியில் விழுப்புரம் – திருச்சி கார்டு லைன் வந்து விருத்தாசலம் ஜங்ஷன் ஆனது. கடலூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் ரயில் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து ஊரின் வாசல் ஸ்டேஷன்தான். கதவும் இல்லை, திட்டிவாசலும் இல்லை, டிக்கெட் கேட்கிறவர் மட்டும் நிற்கிறார்.

வடக்கு வாசலுக்கு ஒரு வேலை மட்டும் மிச்சம் இருந்தது, இன்றும் இருக்கிறது. விருத்தாசலத்துக்கு விருத்தகாசி என்று பெயர். காசியைவிட இங்கே புண்ணியம் ஒரு வீசம் கூட என்பது வழக்கு. வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. அந்தக் கணக்கை யார் அளந்தார்கள் என்று மாமாவிடம் கேட்டபோது, "மண்டிக்காரனாத்தான் இருக்கும், தராசுல வீசம் கூடப் போட்டுக் குடுத்திருக்கான்" என்றார். இறந்தவர்களின் அஸ்தியை மணிமுக்தாற்றில் கரைப்பதற்குச் சுற்று வட்டாரம் முழுவதும் இங்கேதான் வரும். டவுன்ஷிப்பில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், தெலுங்கரோ மலையாளியோ தமிழரோ, ராமேசுவரம் போக முடியாதவர்கள் விருத்தாசலம் போவார்கள். மாசி மகத்தன்று பொழுது விடியும் முன்னே ஆற்றங்கரையில் நிற்க இடம் கிடைக்காது. பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டு, குளித்து, வடக்கு வாசல் வழியே ஈரத் துணியோடு உள்ளே வருகிற கூட்டத்தைப் பார்த்தால், ஊரில் உயிரோடு இருப்பவர்களைவிட அவர்கள் அழைத்து வருகிறவர்கள்தான் அதிகம் என்று தோன்றும்.

ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். மழைக்காலத்தில் சில வாரம் ஓடும். மற்ற நாளில் கருவேல முள்ளும் ஊரின் சாக்கடையும்தான். மேலே அணை கட்டியாயிற்று, மணலை அள்ளியாயிற்று. அகழி மாதிரி ஊரைக் காத்த ஆறு, இன்று குளிப்பதற்குப் போர் போட்டு எடுத்த தண்ணீரைக் குழாயில் கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறது. சுந்தரர் இப்போது பொன்னைப் போட்டால் கமலாலயம்வரை போகாது, பாலத்துக்கடியிலேயே கிடக்கும்.

உள்ளே நுழைந்தால் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்காமல் வரக் கூடாது. தரைக்குக் கீழே, பதினெட்டுப் படி இறங்கிப் போக வேண்டும். தலபுராணத்தில் அதற்குக் காரணம் இருக்கிறது. நான் படி எண்ணி, உயரம் கணக்குப் பார்க்கிற ஜாதி. ஆற்றங்கரை ஊர்கள் காலப்போக்கில் மேலேறும். வெள்ளம் கொண்டு வந்து போட்ட வண்டலும், இடிந்த வீடுகளின் மண்ணும், தெருவுக்குத் தெரு போட்ட ரஸ்தாவும் சேர்ந்து தரை உயர்ந்துகொண்டே போகும். பிள்ளையார் நகரவில்லை, ஊர்தான் அவர் தலைக்கு மேலே ஏறியிருக்கலாம் என்பது என் கட்சி. அர்ச்சகர் ஒருவரிடம் சொன்னேன். "அப்படியும் வெச்சுக்கலாம் சார், அவருக்கு ஆட்சேபணை இருக்காது" என்றார்.

வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வெளியே போனவர்களையும் சொல்ல வேண்டும். இந்தக் கோயிலின் கோஷ்டத்தில் இருந்த அர்த்தநாரீசுவரர் சிலை, சோழர் காலத்துக் கல், எப்போதோ காணாமல் போயிற்று. மாடத்தில் வேறு ஒரு சிலை நின்றது, பூவும் எண்ணெயும் அதற்கு நடந்தது. 2004-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம், நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் ஓர் அர்த்தநாரீசுவரரை விலைக்கு வாங்கியது. அது இவர்தான் என்று காட்டிக்கொடுத்தவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், ஸ்ரீபுரந்தான் நடராசரோடு சேர்த்து இவரையும் டெல்லியில் திருப்பிக் கொடுத்தார். 2016-ல் கான்பெரா தேசியக் கலைக்கூடம் பிரத்தியங்கிரா சிலையைத் திருப்பியது, அதுவும் விருத்தாசலத்துச் சொத்து. இந்தக் கோட்டைக்காக ஆங்கிலேயரோடு மல்லுக்கட்டிய பிரெஞ்சுக்காரர்களின் பேரப்பிள்ளைகள் எடுத்த போட்டோ, அதே கோட்டையின் சாமியை மீட்டுக் கொடுத்திருக்கிறது. வரலாற்றுக்கு இப்படிச் சில சமயம் குசும்பு உண்டு.

2022 கும்பாபிஷேகம் முடிந்து சில வாரத்துக்குள் விருத்தாம்பிகை சன்னதி விமானத்தின் மூன்று கலசங்கள் திருடுபோயின. போலீஸ் மீட்டுவிட்டது. செய்தி வந்த அன்று டவுன்ஷிப் டீக்கடையில் ஒரே பேச்சு. கேமரா வைக்க வேண்டும், காவலாளி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், கம்பி வேலி போட வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு ஜிஞ்ஜன்ஸின் ஏணி நினைவுக்கு வந்தது. கோட்டை வீதிகளில் குடியிருந்தவர்கள் ராத்திரி திண்ணையில் படுத்த காலத்தில், மதிலோரம் நாய் குரைத்தால் பத்துப் பேர் எழுந்து பார்ப்பார்கள். இப்போது திண்ணைகளை இடித்துக் கடையாக்கி, ஷட்டர் இறக்கிவிட்டு, எல்லோரும் ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அத்தை வீடும் இப்போது செல்போன் கடை.

எங்கள் ஊருக்கும் இந்த வாசலுக்கும் கொடுக்கல் வாங்கல் ஒன்று உண்டு, அதைச் சொல்லி முடிக்கிறேன். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு இறக்கும்போது கறுப்பாக வந்ததைக் கொண்டு நெய்வேலி தொடங்கியது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நிலக்கரியைத் தொட 1961 ஆகஸ்ட் ஆயிற்று, ஏனென்றால் அதுவரை மேல்மண்ணை அள்ளிக்கொண்டே இருந்தோம். அந்த மேல்மண்ணில் நல்ல வெள்ளைக் களிமண் அடுக்கு உண்டு. அதை நம்பி விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வந்தது, செராமிக் படிப்புக்கென்று பாலிடெக்னிக்கே வந்தது. நாங்கள் தோண்டிப் போட்ட மண், சூளையில் வெந்து, அகல் விளக்காகவும் பொம்மையாகவும் பியூஸ் கட்டையாகவும் போகிறது. ஊத்தங்கால் சாலையில் களிமண் லாரி பின்னால் மாட்டிக்கொண்டால் விருத்தாசலம் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகும்.

போகிறவர்கள் கிழக்கு வாசலில் செருப்பை விட்டு நேரே உள்ளே போய்விடாமல், ஒருமுறை சுற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போங்கள். நிலைக்காலுக்குப் பக்கத்தில் நின்று, குடுமி சுழன்ற குழியைக் குனிந்து பாருங்கள். காலையிலேயே போய்விட வேண்டும், மதியம் நடை சாத்திவிடுவார்கள். கரணச் சிற்பங்களுக்கு வெளிச்சம் போதாது, செல்போன் டார்ச் அடித்தால் தெரியும்.